முதல் பத்தி எதிராளிக்கு

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். கலைக்களஞ்சியத்தில் அவர் வைத்திருந்த பெயரையும் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஆட்கள் கூடி, சம்பளம் வாங்காமல், இணையத்தில் எழுதி எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியம் அது. அங்கே ஒருவர் என்ன பெயரில் வருகிறாரோ அந்தப் பெயரோடு விட்டுவிட வேண்டும். இன்னார் மகள், இன்ன தெரு என்று பொதுவில் இழுத்துப் போடுவதைப் போலப் பெரிய பாவம் அங்கே கிடையாது. நான் அங்கே செய்யாமல் விட்ட பாவம் அது ஒன்றுதான். அதையாவது செய்யாமல் இருக்கிறேன்.

சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு மருந்துக்கடையில் அவர் மருந்தாளுநர். ஊருக்கு மெடிக்கல் அக்கா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துத்தான் படிப்பார். கடைக் கணினியில் ஒரு ஜன்னலில் மருந்துப் பட்டியல், இன்னொரு ஜன்னலில் கலைக்களஞ்சியம். ஆள் வராத நேரமெல்லாம் இரண்டாவது ஜன்னல். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு இ-சேவை மையத்தில் கணினி ஆப்பரேட்டர். காலை பத்து மணியிலிருந்து மாலை வரை ஊரார் விண்ணப்பத்தைத் தட்டுவது என் பிழைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது இரண்டையும் தெரிந்துகொண்டால் இனிச் சொல்வது விளங்கிவிடும்.

அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே ஒரு வருடம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். சண்டை எங்கள் ஊர்க் கட்டுரையின் முகப்புப் படத்தைப் பற்றியது. அதில் கோபுரம் இருந்தது. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் தெருவில் பிள்ளைகள் தாலாட்டில் தூங்குவதில்லை, விசைத்தறிச் சத்தத்தில்தான் தூங்கும். தறி நின்றால் விழித்துக்கொள்ளும். கோபுரம் எல்லா ஊரிலும் இருக்கிறது, எங்களுக்குச் சோறு போடுவது தறி என்று கோபுரத்தைத் தூக்கிவிட்டுத் தறித் தெருவின் படத்தை வைத்தேன். மறுநாள் கோபுரம் திரும்பி வந்திருந்தது. நான் மாற்ற, அவர் மாற்ற, இரண்டு பேரும் பேச்சுப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டுரைக்குப் பின்னால் விவாதம் செய்வதற்கென்று இருக்கும் பக்கம் அது.

"உங்கள் தரப்பை நான் புரிந்துகொண்ட வரையில்" என்று ஆரம்பித்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு பத்தி. படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. பாதி ஊரை எழுப்புவது தறிச் சத்தம் என்று எழுதியிருந்தார். கோபுரத்தைப் பார்க்க வருகிறவர் அன்றைக்கே திரும்பிவிடுவார், தறியோடு இருக்கிறவர் ஆயுள் முழுக்க இங்கேயே இருப்பார் என்று எழுதியிருந்தார். ஊரின் படம் என்பது ஊரில் இருக்கிறவருடைய படமாக இருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார். எனக்கு அதில் பாதிகூடத் தோன்றியிருக்கவில்லை. சரி, மனுஷன் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷமாக அடுத்த பத்திக்குப் போனால், "ஆயினும் கோபுரமே இருக்கட்டும் என்பது என் கருத்து. தூரத்திலிருந்து வரும் வாசகர் இந்த ஊரை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். தறித் தெருவின் படத்தைத் தொழில் என்ற பகுதியில் பெரிதாக வைக்கலாம், ஐயா" என்று முடித்திருந்தார்.

ஐயாவாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. நானும் விடவில்லை, "ஐயா, நீங்கள் ஊருக்கு வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்" என்று எழுதினேன். இப்படி ஒருவரையொருவர் ஐயா போட்டுக்கொண்டு ஒரு வருடம் ஓடியது.

அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர் எடுத்த படமேதான். ஒரு நாள் அந்தக் கோபுரப் படத்தை உற்றுப் பார்த்தபோது, இந்தக் கோணத்தில் கோபுரம் தெரிவது ரத வீதியில் ஒரே ஒரு மொட்டைமாடியிலிருந்துதான் என்று பொறி தட்டியது. அதன் கீழே மருந்துக்கடை. நேரே போய்த் தலைவலி மாத்திரை கேட்டேன். கணினியில் இரண்டாவது ஜன்னல் திறந்திருந்தது.

"கோபுரமே இருக்கட்டும்னு எழுதுதது நீங்கதானா?" என்றேன்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தறிக்கார ஐயாவா?" என்றார்.

இரண்டு பேரும் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்த சிரிப்பில், இருமல் மருந்து வாங்க வந்தவர் பயந்து ஒதுங்கி நின்றார். "இந்தாங்க மாத்திர" என்று அட்டையை நீட்டினார் அக்கா. "தலைவலி இல்லக்கா" என்றேன். "அப்பம் எதுக்குக் கேட்டீக? தலைவலி இல்லாதவுகளுக்குத் தர மாட்டேன்" என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

மருந்துக்கடையிலும் அவருக்கு இதே பழக்கம்தான். பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் காய்ச்சலுக்கு இன்ன மாத்திரை வேண்டும் என்று நின்றார். போன மாசம் வேறொரு கடையில் தந்தார்களாம்.

அக்கா கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "நீங்க சொல்லுததும் நியாயந்தான் அண்ணாச்சி. இப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனா மத்தியானம் வரைக்கும் வரிசைல நிக்கணும். ஒரு நாள் வேல போயிரும். போன தடவ இதே மாத்திரைலதான் கேட்டுருக்கு. போதாததுக்கு இன்னைக்குத் திங்கக்கெழம, கூட்டம் ஜாஸ்தி இருக்கும். அதையும் சேத்துக்கோங்க."

பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் கையையே நீட்டிவிட்டார்.

"தர மாட்டேன்" என்றார் அக்கா.

"இம்புட்டும் நீயே சொல்லிட்டு இல்லங்கியேம்மா."

"உங்க பக்கம் அம்புட்டு நியாயம் இருக்கு. ஆனாலும் எது காய்ச்சல்னு பாக்காம இத முழுங்கக் கூடாது."

பெரியவர் முனகிக்கொண்டே படி இறங்கினார். இறங்கினவர் திரும்பி, "எந்த டாக்டரும்மா நல்லாப் பாப்பாரு?" என்று கேட்டார். நான் அப்போதே நினைத்தேன், இந்தப் பொம்பளையிடம் தோற்கிறவன்கூடத் திருப்தியோடுதான் போவான் என்று.

வீட்டில் கேட்கவே வேண்டாம். ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊரே கூட்டத்தில் பிதுங்கும். அன்றைக்குப் பார்த்துக் கடைக்குப் போகக் கூடாது என்று அவருடைய மாமியார் ஒற்றைக்காலில் நின்றாராம். இவர் மாமியாருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்: "வீட்டுக்கு விருந்தாள் வருவாங்கன்னு சொல்லுங்கத்த. போன வருசம் போய்ட்டு மூணு மணிக்குத்தான் வந்தேன், அதையும் சொல்லுங்க." மாமியார் அதையும் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் இவர், கூட்டத்தில் மயங்கி விழுகிறவருக்கு மருந்துக்கடை பூட்டியிருக்கக் கூடாது என்று ஒரே வரி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "அவகூட சண்ட போடக்கூட அவ இல்லாம முடியல" என்று மாமியார் என்னிடமே புலம்பினார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. "ஒருத்தர் சொல்லவந்தத முழுசாச் சொல்லவிடாம ஜெயிச்சா எனக்குத் தூக்கம் வராதுட்டி" என்றார். அதற்குள் என்னை ஏட்டி என்று உரிமையோடு கூப்பிடும் அளவுக்கு நெருங்கியிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே இன்னொன்றும் சொன்னார். "வீட்ல அம்மா, கடைல மெடிக்கல் அக்கா. என்ன சொன்னாலும் சரிம்பாங்க, இல்ல சும்மா இரும்பாங்க. அந்தக் களஞ்சியத்துல மட்டுந்தான் நான் சொன்னதப் படிச்சிட்டுப் பதில் சொல்லுதாங்க. அந்தக் கணக்கு எனக்கு அப்படி."

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

படச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, பேச்சுப் பக்கத்தில் எனக்கு ஆதரவாக ஒரு ஆள்கூட வரவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு கணக்குத் திறந்தேன். ராயகிரிக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு விவசாயி. அவர் வந்து, "தறிப் படமே பொருத்தம்" என்று எழுதிவிட்டுப் போனார். ஒருவரே இரண்டு பெயரில் வந்து தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வதை அங்கே கைப்பாவைக் கணக்கு என்பார்கள். கண்டுபிடித்தால் தடை. தெரிந்துதான் செய்தேன். அக்கா அந்த விவசாயிக்கும் ஒரு பத்தி எழுதினார், "உங்கள் தரப்பை நான் புரிந்துகொண்ட வரையில், ஐயா" என்று. அக்காவோடு பழகின பிறகும் விவசாயியை நான் தலைமுழுகவில்லை. இன்னும் இரண்டு தடவை, ஆள் குறைந்தபோது, வரவழைத்தேன்.

அதில் கடைசித் தடவை மாட்டிக்கொண்டேன். பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு குளத்தைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருந்தேன். ஒரு குளத்துக்குத் தனிக் கட்டுரை எதற்கு, அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் உண்டா என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நீக்கலுக்குப் பரிந்துரைத்துவிட்டார். எல்லோரும் கருத்துச் சொல்ல ஒரு வாரம். அன்று எங்கள் மையத்தில் மின்சாரம் இல்லை. மருந்துக்கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், அக்காவின் வைஃபையில் உட்கார்ந்தேன். அக்கா தன் கணினியில் வழக்கம்போல் நீக்கச் சொல்கிறவர்களின் நியாயத்தை முதலில் எழுதிவிட்டு, கட்டுரை இருக்கட்டும் என்று முடித்தார். நானும் இருக்கட்டும் என்றேன். அவர் ஸ்டோர் ரூமுக்குள் போன நேரம் பார்த்து, கைபேசியில் விவசாயியையும் கூப்பிட்டு இருக்கட்டும் என்று சொல்ல வைத்தேன். அதுவும் அதே வைஃபை. எனக்கு உறைக்கவே இல்லை.

கோயம்புத்தூர்க்காரர் பலே ஆள். இரண்டே நாளில் விசாரணைக்குப் போட்டார். எந்த இணைப்பிலிருந்து எழுதினார்கள் என்று பார்க்கும் உரிமை அங்கே ஒரு சிலருக்கு மட்டும் உண்டு. அவர்கள் பார்த்துவிட்டு, மூன்று கணக்கும் ஒரே இணைப்பு என்று சொல்லிவிட்டார்கள். மூன்றில் மூத்த கணக்கு அக்காவுடையது. எனவே அவர்தான் சூத்திரதாரி, நானும் விவசாயியும் பொம்மைகள் என்று முடிவு. ஒரு வாரத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் அக்காவின் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். கோயம்புத்தூர்க்காரர் அதோடு விட்டாரா? கீழே எழுதியிருந்தார்: "தறிப் படச் சண்டையைப் படித்துப் பாருங்கள். எதிராளியின் தரப்பை எதிராளியைவிட நன்றாக ஒருவர் எழுதுகிறார் என்றால், எதிராளியும் அவரே என்றுதானே பொருள்?"

அக்காவின் நேர்மையையே எடுத்து அவர் கழுத்தில் சுருக்காகப் போட்டுவிட்டார்கள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மருந்துக்கடைக்கு ஓடினேன். அக்கா தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். விசாரணைப் பக்கம். "உங்கள் தரப்பை நான் புரிந்துகொண்ட வரையில்" என்று ஆரம்பித்து, கோயம்புத்தூர்க்காரர் கவனிக்காமல் விட்ட இரண்டு சான்றுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கழுத்துக்குக் கத்தி வந்துருக்கு, நீங்களே சாணை பிடிச்சிக் குடுக்கீங்க?"

"பாதிதான் சொல்லிருக்காரு அவரு. மீதி தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்தா ஏமாத்துன மாதிரில்லா."

"ரெண்டு பேரும் சேந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துப் போட்ருவோம்க்கா."

"போட்டா ரெண்டு பொம்பளைங்க இருக்கோம்னு தெரியும். எந்தக் கணக்கு யாருதுன்னு எப்படித் தெரியும்? அவரு அதத்தான் கேப்பாரு. நான்னாலும் கேப்பேன்."

பேசிக்கொண்டே அடுத்த வரியைத் தட்டினார். நான் படித்தேன். "மேலும், விவசாயி என்ற கணக்கு மூன்று முறையும் தறிக்காரர் எழுதிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்திருக்கிறது. இதையும் விசாரிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாத்திரை கேட்டு வந்த ஒரு பெண்ணுக்குச் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்து, வேளைக்கு ஒன்று என்று உறையில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

"அக்கா, அது யாருன்னு உங்களுக்கு..."

"நான் கண்ணால பாக்கல. பாக்காதத எழுத மாட்டேன்" என்றார். "கேக்கவும் மாட்டேன்."

திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்குத்தான் கத்த வருமே. அவர் திட்டவே இல்லை. வீட்டுக்குப் போய் ஆறு நாள் அவர் முகத்தில் விழிக்காமல் இருந்தேன். விசாரணைப் பக்கத்தை மட்டும் மணிக்கு நாலு தடவை திறந்து பார்த்தேன். நான் ஒப்புக்கொண்டால் என் கணக்குப் போகும், மானம் போகும், குளமும் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால், தான் சொன்னதைப் படித்துப் பதில் சொல்லும் ஒரே இடம் அவருக்குப் போகும். என்னால் போகும். எத்தனை தடவை எப்படி மாற்றி யோசித்தாலும் இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று தெரிந்தது. எனக்காக எடுத்துச் சொல்ல முதல் பத்தியில்கூட ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மையத்தில் சோற்று டப்பாவைத் திறக்காமல் வைத்துவிட்டு எழுதினேன். விவசாயி நான்தான். மூன்று தடவையும் நான்தான். கோபுரப் படத்துக்காரருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் இணைப்பை நான் கடன் வாங்கியதைத் தவிர. பதிப்பி என்ற பொத்தானை அழுத்தும்போது அழுதேன். வருமானச் சான்றுக்கு வந்திருந்த ஆள், "சர்வர் வேல செய்யலயாம்மா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அக்காவின் பெயரை விடுவித்தார்கள். எனக்கு ஆறு மாதத் தடை; அதன் பிறகு மேல்முறையீடு செய்யலாம். குளத்தைக் கிராமத்துக் கட்டுரைக்குள் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டார்கள். நான் மருந்துக்கடைக்குப் போனேன். "வாட்டி" என்றார், நேற்றுத்தான் பார்த்ததைப் போல. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அந்த ஆறு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. படிக்கலாம், தொடக் கூடாது. சிவகிரிக் கட்டுரையில் எவனோ தன் மச்சானின் பரோட்டாக் கடையைச் சுற்றுலாத் தலங்களில் சேர்த்துவிட்டுப் போயிருந்தான். எனக்குக் கை பரபரத்தது. அக்காவிடம் ஓடி, "நீங்களாவது அத எடுங்கக்கா" என்றேன். "தடைல இருக்கவ சொல்லி நான் செஞ்சா நானும் கைப்பாவதான்" என்று ஒரே போடு. பரோட்டாக் கடை சுற்றுலாத் தலமாக மூன்று வாரம் ஓடியது. பிறகு வேறு யாரோ எடுத்தார்கள். அன்று எனக்குத் தீபாவளி.

ஆறு மாதம் முடிந்த அன்றே மேல்முறையீடு போட்டேன். நான்கு வரி. செய்தது தப்பு, இனிமேல் செய்ய மாட்டேன், எழுத விடுங்கள். கெஞ்ச எனக்கு வராது. அக்கா வந்து ஆதரவு போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் வந்தார்.

"இவர் தரப்பை நான் புரிந்துகொண்ட வரையில். இவர் கோபக்காரர். கோபத்தில் எழுதிய எதையும் பிறகு அழித்து மறைத்ததில்லை; கோடு போட்டு அடித்துவிட்டு, எல்லோரும் பார்க்க அங்கேயே விட்டுவைப்பார். இவர் பகல் ஒன்றரை மணிக்குத்தான் எழுதுகிறார்; அது இவருடைய சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும். விசாரணையில் சந்தேகம் முழுவதும் இன்னொருவர் மேல் விழுந்திருந்தது. வாய்மூடி இருந்திருந்தால் இவர் ஒரு பொம்மையாக மட்டும் கருதப்பட்டிருப்பார், பிறகு புதுப் பெயரில் வந்திருக்கலாம். இவர் தானாக வந்து ஒப்புக்கொண்டார். தடைக்காலத்தில் ஒரு தடவைகூட வேறு பெயரில் வரவில்லை. வரத் தெரிந்தவர், வராமல் இருந்தார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பத்தியைப் படித்தேன்.

"ஆயினும் என் வாக்கு எதிர்ப்பு. மூன்று முறை செய்தது கைத்தவறு அல்ல. ஆறு மாதம் போதாது. ஒரு வருடம் ஆகட்டும். தனிப்பட்ட முறையில் இவரை அறிவேன் என்பதால் என் வாக்கை எண்ண வேண்டாம்."

மருந்துக்கடைக்குப் போகவில்லை. அவ்வளவு கோபம். மறுநாள் பக்கத்தைத் திறந்தால், முதல் ஆள் எழுதியிருந்தார்: "ஆதரவு. எதிர்ப்பு வாக்களித்தவர் முதல் பத்தியில் சொன்ன காரணங்களுக்காக." அடுத்தவர்: "அதே காரணங்களுக்காக ஆதரவு." அதற்கடுத்து இரண்டு பேர். கடைசியில் கோயம்புத்தூர்க்காரர்: "நானும் எதிர்க்கத்தான் வந்தேன். அந்த முதல் பத்தியைப் படித்த பிறகு முடியவில்லை. ஆதரவு." வாரம் முடியும்போது மொத்தப் பக்கத்திலும் ஒரே ஒரு எதிர்ப்புத்தான் இருந்தது. என் தடை நீங்கியது.

மையத்தைப் பூட்டக்கூட இல்லை, ஓடினேன். என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக என் அம்மாகூடப் பேசியதில்லை. அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு மாத்திரை அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டீங்கக்கா" என்றேன். மூச்சு வாங்கியது. "எல்லாரும் உங்க முதல் பத்தியப் படிச்சிட்டு என்னைய உள்ள விட்டுட்டாங்க."

"பாத்தேன்" என்றார். அட்டையைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "ரெண்டாவது பத்திய அவசரத்துல எழுதிட்டேம்ட்டி. உனக்கு எதிரா இன்னுங் கொஞ்சம் நல்லா எழுதிருக்கணும்."